மதுரைல ரோட்டோரம் கிடந்தவங்கள காப்பகத்துல சேத்த அனுபவம் இருக்கா? இங்கன சொல்லுங்க

தெப்பக்குளத்தான்:
மக்களே, பொட்டலம் குடுத்த கதை வேணாம். நம்மூர்ல சோத்துக்கு அம்புட்டு பஞ்சமில்ல, பர்த்டேனாலும் பொட்டலம் திதினாலும் பொட்டலம், கோயில் அன்னதானம் இருக்கு, அம்மா உணவகத்துல ஒரு ரூவாய்க்கு இட்லி அஞ்சு ரூவாய்க்கு சாம்பார் சாதம். ஞாயித்துக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்தா ஒரே ஆளு கைல மூணு பொட்டலம் இருக்கு. நான் கேக்குறது அதுக்கு அடுத்தது. படுக்க எடம், ஆதார், பென்சன், புண்ணுக்கு மருந்து, இதுக்கெல்லாம் யாரு வந்தாங்க, எப்படி நடந்துச்சு, அத சொல்லுங்க.

சிம்மக்கல் சித்தி:
எங்க கடை ஷட்டர் பக்கத்துல ஒரு அம்மா படுத்திருக்கும், வயசு அறுபத்தஞ்சு இருக்கும். கால்ல துணி சுத்தி வச்சிருக்கும், பக்கத்துல போனா நாத்தம் தாங்காது. கார்ப்பரேஷன் எடம் குடுத்து ஒரு டிரஸ்ட்டு நடத்துற வீடற்றோர் காப்பகத்துல இருந்து ஒரு பொண்ணு ராத்திரி ரவுண்ட்ஸ் வரும், வந்ததும் கிளம்புங்கனு சொல்லாது, தரைல உக்காந்து "ஆத்தா சாப்டீகளா"ன்னு ஊர்க்கதை பேசிட்டு போயிரும். இப்படியே பல நாள் ஓடுச்சு, அந்தம்மா அசையல.

அப்பறம்தான் காரணமே தெரிஞ்சுச்சு. அதுட்ட ஒரு கட்டப்பை இருக்கு, உள்ள ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, ரெண்டு சேலை, புருஷனோட இறப்பு சர்டிபிகேட் லேமினேஷன் போட்டது. முன்ன எங்கிட்டோ ஒரு ஹோம்ல சேத்தப்ப குளிப்பாட்டி விடுறேன்னு சொல்லி பழைய பைய தூக்கி குப்பைல போட்டுட்டாய்ங்களாம், அதுல இருந்து யாரு கூப்பிட்டாலும் மாட்டேன்னு நின்னுருச்சு. இந்த பொண்ணு அத கேட்டுட்டு மறுநாளே ஒரு சின்ன டிரங்கு பெட்டியும் பூட்டும் வாங்கிட்டு வந்து "பை உங்களுதுதான், சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்"னு குடுத்துச்சு. சாவிய முந்தானைல முடிஞ்சுக்கிட்டு அப்பவே எந்திருச்சு ஆட்டோல ஏறுச்சு, நாங்க எல்லாரும் வாய பொளந்துட்டு பாத்தோம்.

பெரியாஸ்பத்திரில துணிய அவுத்தா புண்ணுல புழு. டர்பன்டைன் எண்ணெய பஞ்சுல நனைச்சு வச்சு, புழு மேல வர வர இடுக்கியால ஒன்னொன்னா எடுத்தாங்க. பக்கத்துல நிக்க சொந்தம்னு யாரும் இல்ல, அந்த பொண்ணுதான் அட்டெண்டரா நின்னுச்சு. அதோட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன், சொன்னுச்சு, இங்க எழுத எனக்கே கூச்சமா இருக்கு.

வாடிப்பட்டி வண்டிக்காரன்:
சித்தி சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா டிரஸ்ட்டையும் நம்பிராதீங்க. 2021ல நம்ம மதுரைலயே ஒரு காப்பகத்துல, பச்சப்புள்ள கொரோனால செத்துருச்சுனு கணக்கு காட்டிட்டு வித்துட்டாய்ங்கன்னு கேஸ் ஆச்சே, மறந்துட்டீங்களா? அதுல இருந்து ஒரு காப்பகத்துல யாரையாச்சும் இறக்கிவிட்டா நான் உள்ள போய் ரிஜிஸ்டர்ல பேரு எழுதுறாங்களான்னு பாத்துட்டுதான் வருவேன். ரெண்டாவது, தண்ணி போடுற ஆளுக நிறைய எடத்துல வாசலோட திரும்ப வேண்டியதுதான். ரோட்டுல கிடக்குறதுல பாதி பேரு அந்த கேஸுதான்ணே, அவய்ங்க எங்க போவாய்ங்க?

மாட்டுத்தாவணி நைட் ஷிப்ட்:
நான் லீவு நாள்ல ஒரு காப்பகத்துல எழுத்து வேலை செஞ்சு குடுக்குறேன், பாத்தத சொல்றேன். பெரிய தலவலி கார்டுதான். பென்சனுக்கு ஆதார் கேப்பாங்க, ஆதாருக்கு விலாசம் கேப்பாங்க, விலாசம் இல்லாமத்தான மனுசன் ரோட்டுல கிடக்கான். காப்பகத்து பொறுப்பாளர் "இவர் எங்க இல்லத்துல தங்கியிருக்கார்"னு ஒரு சர்டிபிகேட் குடுத்தா ஆதாருக்கு எடுத்துக்கிருவாங்க, இது நிறைய பேருக்கு தெரியாது. ரேகை தேஞ்ச கைக்கு கண்ண வச்சு பதியலாம்.

ஒரு அய்யாவுக்கு அப்படி பதிஞ்சோம், ஏற்கனவே இருக்குனு ரிஜெக்ட் ஆயிருச்சு. சரின்னு ஆதார் சென்டருக்கு கூட்டிட்டு போய் ரேகைய வச்சு பழைய கார்ட எடுத்தா விலாசம் கமுதி பக்கம். தகவல் சொன்னதும் மகன் கார் புடிச்சு வந்துட்டாரு, அழுகுறாரு, ஆபீஸே கலங்கிப்போச்சு. இந்த மாதிரி கதை எல்லாம் வீடியோல இதோட முடிஞ்சிரும்ல, இங்க முடியல. மேனேஜர் அக்கா மகன வெளிய டீ குடிக்க அனுப்பிட்டு அய்யாகிட்ட தனியா கேட்டுச்சு, போறீங்களா இல்ல இங்க இருக்கீங்களான்னு. அவரு "நான் போகல தாயி"ன்னுட்டாரு. ஏன்னு யாரும் தோண்டல. மகனுக்கு கோவம், நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டுட்டு போனாரு, இப்ப எப்பவாச்சும் போன் பண்றாரு. அக்கா செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன், ஆள வீட்டுக்கு அனுப்பி கணக்கு காட்டுறது சுலபம். ஆனா மகன் இருக்காருன்னு சொல்லி அவரோட 1200 ரூவா முதியோர் பென்சன் மனு நகராம கிடக்கு.

அப்பறம் இது யாரும் போடுற பிச்சை இல்லங்க. ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் பூரா 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே சொல்லிருச்சு. 2011 சென்சஸ்லயே மதுரை கார்ப்பரேஷன் பத்து லட்சத்த தாண்டிருச்சு, குறைஞ்சது பத்தாச்சும் இருக்கணும். உங்க வார்டு கவுன்சிலர்ட்ட நம்ம ஏரியாவுக்கு எது காப்பகம்னு கேட்டு பாருங்க, என்ன முழி முழிக்கிறாருன்னு பாக்கலாம்.

தெப்பக்குளத்தான்:
ராத்திரி ஒருத்தர பாத்தா யாருக்குண்ணே முதல்ல போன் போடணும்?

மாட்டுத்தாவணி நைட் ஷிப்ட்:
உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 108. சின்ன புள்ளைகன்னா 1098, எப்ப வேணா எடுப்பாங்க. வயசானவங்கன்னா 14567, அது காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தான். மனநிலை சரியில்லாம திரியுறவங்கன்னா போலீஸுக்கு சொல்லுங்க, அவங்கள பத்திரமா கூட்டிட்டு போறது ஸ்டேஷனோட கடமைன்னு 2017 மனநல சட்டத்துலயே இருக்கு. அப்பறம் கைய புடிச்சு இழுக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க.

வாடிப்பட்டி வண்டிக்காரன்:
ராத்திரி பத்துக்கு மேல எனக்கு சவாரி கம்மிதான், ஆள ஏத்தி கொண்டுபோய் விட காசு வேணாம். நடுவழில போலீஸ் நிப்பாட்டி யாரு இவரு எங்க கொண்டு போறனு கேட்டா நான் என்னத்த சொல்றது?

மாட்டுத்தாவணி நைட் ஷிப்ட்:
காப்பகத்து ஐடி கார்டு போட்ட ஆளு கூட ஏறாம வண்டிய எடுக்காதீங்க. உங்க நம்பர தனியா அனுப்புங்க, ரவுண்ட்ஸ் போற அக்காகிட்ட குடுத்துர்றேன், அதுவே கூப்பிடும்.