சுவரில் பொருத்திய வெந்நீர்க் கொதிகலனின் சோதனை: ஆலோசனை தேவை
வணக்கம். லண்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடைபெறும் மண்டபத்தின் மின்சாதனங்களைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. கெட்டில் போன்ற பிளக் உள்ளவற்றை முதலில் கண்ணால் ஆராய்ந்து, பின்னர் கருவியில் செருகி எர்த் தொடர்ச்சியையும் (எர்த் கம்பி உலோக உடல் வரை அறுபடாமல் உள்ளதா என்பது), 500 வோல்ட்டில் இன்சுலேஷன் மின்தடையையும் (மின்கசிவைத் தடுக்கும் காப்பின் திறன்) அளந்துவிட்டோம். (1989ஆம் ஆண்டின் பணியிட மின்சார விதிகள் பாதுகாப்பான பராமரிப்பைத்தான் கோருகின்றன; ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று அவற்றில் இல்லை.)

சிக்கல், பிளக் இல்லாமல் சுவரிலுள்ள ஃபியூஸ் இணைப்புப் பெட்டி வழியாக நேரடியாக இணைக்கப்பட்ட கொதிகலனில்தான். நீண்ட விடுமுறைக்குப் பின் மின்பணியாளர் இணைப்பைக் கழற்றி அளந்தபோது, இன்சுலேஷன் மின்தடை, எர்த் உள்ள சாதனத்துக்குப் பொதுவாக வேண்டிய 1 மெகாஓமுக்கும் (10 லட்சம் ஓம்) குறைவாகவே காட்டியது. சூடேற்றும் தண்டினுள் உள்ள கனிமத்தூள் ஈரத்தை உறிஞ்சியிருந்தாலும் இவ்வாறு காட்டும் என்பதால், அதை உலர்த்தி மீண்டும் அளப்பது போதுமா, அல்லது தண்டையே மாற்றிவிடுவது முறையா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை கொதிகலன் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டே இருக்கும்.