புதுப்பிப்பு: இணையத்துக்குப் போகாத பழைய ஸ்விட்ச்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் வாங்கிய பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி, கேம் வாங்கும் இணையக் கடையான இ-ஷாப்புக்குள் போகவில்லை என்று எழுதியிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. வலது ஜாய்-கான் (கழற்றி மாட்டும் கைக்கட்டுப்பாட்டுக் கருவி) மாட்டும் இடத்தில் ஒரு பின் மட்டும் வளைந்திருக்கிறது. ஹேக் செய்ய அங்கேதான் பின்களை இணைப்பார்கள்; ஆக, முன்பு வைத்திருந்தவர் ஹேக் செய்திருக்கிறார்.

இதற்கு வழிவிட்டது, ஸ்விட்சை இயக்கும் டெக்ரா எக்ஸ்1 சில்லில் இருப்பதாக 2018இல் வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டை; மென்பொருள் அப்டேட்டால் அடைக்க முடியாதது. ஹேக் செய்தது தெரிந்தால் நிண்டெண்டோ அந்தக் கருவியையே தன் இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. ரீசெட் செய்தாலும் தடை போகாது. கேட்ரிட்ஜில் வரும் கேம் ஓடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

கடைக்காரர் முதலில் கைவிரித்தார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம் என்றதும் குரல் இறங்கியது. சரி, பாதிப் பணம் வந்துவிட்டது, மீதி வெள்ளிக்கிழமையாம்.

வாங்குபவர்கள் கடையிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள்.