இளநிலை உதவியாளர்: கோப்பு இல்லாத இருக்கைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி (குரூப்4_புதியவன்):
குரூப் 4 எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன், வட்டாட்சியர் அலுவலகம். எனக்கு முன்னால் இருந்தவர் மாறுதலில் போய்விட்டார். பக்கத்து இருக்கை காலி, அதையும் என்னையே பார்க்கச் சொல்கிறார்கள். தன்பதிவேட்டில் (ஓர் இருக்கைக்கு வரும் தபால்களையும் கோப்புகளையும் பதியும் பதிவேடு) நிலுவை என்று நிற்கும் பல கோப்புகள் பீரோவில் இல்லை. ஆனாலும் எல்லாம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது? தினமும் வீட்டுக்குப் போக எட்டு மணி ஆகிறது.

பதில் (ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்):
தம்பி, மொத்தமா கையெழுத்துப் போடாதீங்க. பொறுப்பேற்க மறுக்கவும் வேண்டாம். தன்பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, முடிவு எண் விழாத, அதாவது இன்னும் முடிச்சு மூடாத, ஒவ்வொரு ந.க. எண்ணையும் (கோப்பு எண்) எழுதி, எதிரே 'உள்ளது', 'இல்லை'ன்னு குறிங்க. அந்தப் பட்டியலை அலுவலகக் குறிப்பா வட்டாட்சியருக்கு வைங்க. அவர் கையொப்பமிட்ட நகல் ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும். பின்னால நீதிமன்றம் அசல் கோப்பைக் கேட்டா, 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, இருக்கையில இருக்கிறவர் பேருக்குத்தான் முதல்ல வரும். சின்னப் பசங்க, எதையும் பார்க்காம கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்கா விளக்கம் எழுதினதை நான் பார்த்திருக்கேன்.

காணோம்னு எழுதறதுக்கு முன்னாடி பதிவறையில தேடுங்க. முடிவு எண்ணைத் தன்பதிவேட்டில் ஏத்தாமலே கட்டி அனுப்பின கோப்புகள் அங்கே கிடக்கும். அப்படிக் கிடைக்கிறது எந்த முடிவுல போயிருக்குன்னும் பாருங்க, எத்தனை காலம் வச்சிருக்கணும்ங்கறது அதைப் பொறுத்துதான். ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூணு வருஷம், ப.மு. பத்து வருஷம், நி.மு. நிரந்தரம். நிலம் சம்பந்தப்பட்ட கோப்பை மூ.மு.வில் முடிச்சு அழிச்சிட்டா, ஒரு குடும்பம் தலைமுறைக்கும் அலையும். இந்த விஷயத்துல எனக்கு இன்னிக்கும் கோபம் வரும்.

பதில் (சி3_இருக்கை):
துணை வட்டாட்சியர் அம்மா சொன்னதோடு ஒன்று: பக்கத்து இருக்கைக்கு வாய்மொழி உத்தரவு போதாது, கூடுதல் பொறுப்பு ஆணையை எழுத்தில் கேளுங்கள். ஆணை இல்லாமல் வேலை மட்டும் நடந்தால், காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்கும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

வந்த தபாலை வந்த வரிசையிலேயே எடுத்தால் எட்டு மணிதான். நீதிமன்ற வழக்கு முதலில். அடுத்து தகவல் உரிமை மனு, 30 நாள் கெடு. பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்து மனுக்கள். நினைவூட்டு மட்டும் எழுத வேண்டியதை வாரத்தில் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து முடித்துவிடலாம். துறைத் தேர்வுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள், வேலை குறையட்டும் என்று காத்திருந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும்.

குரூப்4_புதியவன்:
நன்றி அம்மா, நன்றி அண்ணா. பவானிசாகரில் புதியவர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் இந்த இரண்டு இருக்கையும் யாரிடம்?

ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்:
யாருக்குன்னு வட்டாட்சியர் ஆணை போடுவார். இதே பட்டியலை அன்னிய தேதிக்குத் திருத்தி, வாங்கறவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் பஸ் ஏறணும். ஆள் இல்லைன்னு பயிற்சியைத் தள்ளிப்போடச் சொன்னா சம்மதிக்காதீங்க, அது முடியாம தகுதிகாண் பருவம் முடியாது.