லாங்கெ வாட்ச் பின்னாடி இருக்கிற பூ லேசராம், யாரு சொன்னது?

ஊசிமுனை:
பக்கத்து திரில ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்காரு, "லாங்கெ வாட்ச்ல பேலன்ஸ் காக் மேல இருக்கிற பூவெல்லாம் லேசர்ல போட்டுட்டு கடைசியா கையால லேசா தொட்டு விடுறாங்க, அதுக்குப் பேரு கைவேலையாம்"னு. அதுக்கு 14 லைக் வேற. படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. லாங்கெ ஜெர்மன் வாட்ச் கம்பெனி, பேலன்ஸ் காக்குங்கிறது உள்ள ஆடுற பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்குற சின்ன உலோகத் துண்டு. ஒரு தடவையாவது லூப், அதான் பூதக்கண்ணாடி, வச்சுப் பார்த்திருந்தா இப்படி எழுத கை வராது. இதழோட வாலைப் பாருங்கய்யா. வெட்டு மெல்லிசா ஆரம்பிச்சு, நடுவுல அகலமாகி, கடைசியில ஒண்ணுமில்லாம கரைஞ்சு போகும். கிரேவர்ங்கிற செதுக்கு உளியோட பிடியை உள்ளங்கையில வச்சுத் தள்ளிக்கிட்டே மணிக்கட்டைச் சாய்க்கும்போதுதான் அப்படி ஒரு வால் வரும். சாய்ச்ச பக்கத்துச் சுவர் பளபளன்னு இருக்கும், வாட்சைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு இதழா வெளிச்சம் பிடிக்கும். லேசர் உலோகத்தைச் சுட்டு எடுக்குது, அடித்தளம் சொரசொரன்னு மங்கிக் கிடக்கும், ஓரத்துல அந்த மினுக்கு வராது. ரெண்டையும் பக்கத்துல வச்சா குழந்தைக்குக் கூடத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
நான்தான் எழுதினேன், பேரைச் சொல்லியே திட்டலாம், பயமா சார்? கம்ப்யூட்டர் சொல்றபடி மெஷின் வெட்டுற சிஎன்சி பட்டறை நடத்துறவன் நான், உலோகம் வெட்டுறது எனக்குப் பாடம் எடுக்க வேணாம். வால் வருதாம் வால். முனை வி மாதிரி இருக்கிற கட்டர் போட்டு ஆழத்தை ஏத்தி இறக்கினா அகலமும் தானா கூடும் குறையும், முனை கூர்மையா முடியும். எங்க பட்டறையில கடைக்குப் போடுற பித்தளை பெயர்ப்பலகையில கூட ஒவ்வொரு எழுத்துக்கும் வால் இருக்கு. அப்ப அதுவும் கைவேலையா?

ஊசிமுனை:
பேர் சொல்லாம விட்டது மரியாதைக்கு, பயத்துக்கு இல்ல. முதல்ல லேசர்னீங்க, இப்ப சிஎன்சிக்குத் தாவிட்டீங்க, அதை எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். சுத்துற கட்டர் ரெண்டு சுவரையும் ஒரே சரிவுல வெட்டும். உளியைச் சாய்ச்சு வெட்டினா ஒரு சுவர் அகலமா படுத்திருக்கும், எதிர்ச்சுவர் கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும். வால்ல வந்து அந்த ரெண்டும் சேர்ற இடம் நடுவுல இருக்காது, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். உங்க பெயர்ப்பலகையில அது இருக்கா? வாலைப் பாருங்கன்னு நான் சொன்னது அதுக்குத்தான்.

டிரெஸ்டன் தம்பி:
அண்ணே ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் இங்கதான் இருக்கேன், ஜெர்மனியில லாங்கெவோட ஊர் கிளாஸ்ஹூட்டெ பக்கம்தான், 2008ல திறந்த வாட்ச் மியூசியத்துக்குப் போயிருக்கேன், பழைய வாட்ச்மேக்கிங் ஸ்கூல் கட்டடம் அது. ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கெ 1845ல அந்த ஊர்ல தொழிலை ஆரம்பிச்சாரு. அப்புறம் வந்த பாக்கெட் வாட்ச்கள்ல உசந்த ரகம் 1ஏ, அதுலயே செதுக்கின பேலன்ஸ் காக் உண்டு. அப்ப எங்க லேசர் இருந்துச்சு? இது கம்பெனி புதுசா விளம்பரத்துக்குக் கண்டுபிடிச்ச பூ இல்ல.

கணக்குப்பிள்ளை:
தம்பி, தாத்தா காலத்து வாட்சைப் பத்தி யாரு பேசினா? 1948ல கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1990ல வால்டர் லாங்கெ திரும்ப ஆரம்பிச்சாரு, 1994 அக்டோபர்லதான் புது வாட்ச் நாலு வெளிய வந்துச்சு. நடுவுல பல வருஷம் அந்தப் பேர்ல ஒண்ணுமே இல்ல. தாத்தா கையால வெட்டினாருங்கிறது பேரனுக்கு சர்டிஃபிகேட் ஆகாது. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, வெறும் கண்ணுக்கு அந்த வால் தெரியுமா தெரியாதா?

மாணிக்கக்கல்:
எப்பப் பார்த்தாலும் லாங்கெ லாங்கெ. வாட்ச்மேக்கர் ப்ரெகே 1780கள்லயே கியோஷே டயல், அதான் கை மெஷின்ல கோடு கோடா செதுக்கின டயல், போட்டாரு, அதைப் பத்தி இங்க ஒரு திரி உண்டா? ஒரு பூவோட வாலுக்கு இவ்வளவு சண்டை. டயல் முழுக்க கோடு, ஒண்ணு பிசகினா மொத்தமும் குப்பைத் தொட்டிக்கு, அதை யாரும் பேச மாட்டேங்கிறீங்க.

ஊசிமுனை:
கியோஷே எனக்கும் உசுரு, ஆனா இங்க அதைக் கொண்டு வராதீங்க. கியோஷே போடற ரோஸ் எஞ்சின்ல கேம்ங்கிற அலை விளிம்புச் சக்கரம் வழிகாட்டுது, கை சுத்துது. பேலன்ஸ் காக்ல வழிகாட்ட எதுவும் இல்ல, நகம் அளவு துண்டு, மைக்ரோஸ்கோப், உளி, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
ஆகா, மாட்டினாரு. மெஷின்ல கேம் சுத்தினா உசுரு, என் மெஷின்ல மோட்டார் சுத்தினா குப்பை. நல்ல நியாயம் சார்.

மாணிக்கக்கல்:
கியோஷேவை உங்க பெயர்ப்பலகையோட சேர்க்காதீங்க. ஒரு கை கிராங்க்கைச் சுத்தணும், இன்னொரு கை கட்டரை அழுத்தணும், அழுத்தம் கொஞ்சம் மாறினா கோட்டோட ஆழமே மாறிடும். ஊசிமுனை, "வழிகாட்டுது"ன்னு லேசா சொல்லிட்டுப் போறீங்களே, எனக்கு இது ரொம்ப வருத்தம். போன வருஷமும் இப்படித்தான் என் டயல் போட்டோவுக்குக் கீழ வந்து எழுதினீங்க.

ஊசிமுனை:
போன வருஷக் கதையை விடுங்க. கணக்குப்பிள்ளை சார் கேட்டதுக்கு பதில். வெறும் கண்ணுக்கு வால் தெரியாம இருக்கலாம், வால் செய்யற வேலை தெரியும். வாட்ச் சாயும்போது வெளிச்சம் ஒரு இதழ்லேர்ந்து அடுத்த இதழுக்கு ஓடுது பாருங்க, அது அந்தச் சாய்ந்த சுவரால. உள்ள சக்கரங்களை மூடுற முக்கால் பிளேட்டும் காக்கும் ஜெர்மன் சில்வர், செம்பு நிக்கல் துத்தநாகம் கலந்தது, மேல முலாம் எதுவும் கிடையாது. உளி ஒரு தடவை வழுக்கினா மறைக்க வழியில்ல, நகக்கீறல் பட்டாலே தெரியும். இப்படிப்பட்ட உலோகத்துல உட்கார்ந்து வெட்டுறாங்க. அதுலயும் செதுக்குறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை, பூவைப் பார்த்தே யாரு வெட்டினதுன்னு அந்தப் பட்டறையில இருக்கிறவங்க சொல்லிடுவாங்க. இன்னும் மேல போகணும்னா 2011ல 15 வாட்ச் மட்டும் போட்டாங்க, ரிச்சர்ட் லாங்கெ டூர்பியான் பூர் ல மெரிட் ஹாண்ட்வெர்க்ஸ்குன்ஸ்ட், 2012ல ட்ஸைட்வெர்க்ங்கிற மாடல்ல 30. ரெண்டுலயும் டிரம்ப்ளாஜ். உளிமுனையை எல்லா திசையிலயும் மாத்தி மாத்தி நடுக்கி நடுக்கிக் குத்தி, மொத்தப் பரப்பையும் மணல் தூவின மாதிரி கொண்டு வர்ற வேலை. ஒரு இடத்துல கை சோர்ந்து அழுத்தம் குறைஞ்சா அங்க மட்டும் திட்டா தெரியும். இதைப் போய் லேசர்னு ஒரே வரியில எழுத எப்படி மனசு வருது? நான் விலையைப் பத்தி வாயைத் திறக்கல, வாங்கச் சொல்லவும் இல்ல, வேலையை மதிங்கன்னுதான் சொல்றேன்.

கணக்குப்பிள்ளை:
பட்டறைக்காரங்களே சொல்லுவாங்களாம். கம்பெனிக்கு கம்பெனியே சாட்சி. டிரம்ப்ளாஜ் பத்தி நான் பேசவே இல்ல, 15 வாட்சைக் காட்டி மத்த எல்லாத்துக்கும் பூசாதீங்க. சாய்ந்த சுவர் வேணும்னா 5 ஆக்ஸிஸ் மெஷின்ல டூலைச் சாய்ச்சு இழுக்கலாம், அந்த வாலும் ஒதுங்கியே வரும். சரி, நேராவே கேக்கிறேன். உங்ககிட்ட லாங்கெ இருக்கா?

டிரெஸ்டன் தம்பி:
இது என்ன அண்ணே கேள்வி, சொந்தமா வச்சிருந்தாத்தான் பேசணுமா? கோயில் சிற்பத்தைப் பத்திப் பேசறவன்லாம் கோயிலை வாங்கிட்டா வந்தான்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, உங்ககிட்ட நான் கேக்கல. ஜெர்மனியில இருந்தா எல்லாம் தெரியும்னு நினைப்பா?

ஊசிமுனை:
என்கிட்ட இல்ல. நண்பரோட லாங்கெ டேட்டோகிராஃபை மடியில துணி விரிச்சு வச்சு லூப் வழியா ராத்திரி முழுக்கப் பார்த்தவன் நான், அது போதும். உங்க 5 ஆக்ஸிஸ்க்கு வர்றேன். மெஷின் சாயும், சரி, எல்லா இதழுக்கும் ஒரே மாதிரி சாயும். நான் பார்த்த பூவுல மேல் வரிசை இதழ்ல வால் நீளம், கீழ ஸ்க்ரூ பக்கத்துல இருக்கிற இதழ்ல இடம் பத்தாம சட்டுன்னு மடக்கி முடிச்சிருக்கு. இடத்தைப் பார்த்து கை எடுத்த முடிவு அது.

கணக்குப்பிள்ளை:
அந்த முடிவை ப்ரோக்ராம்லயும் எழுதலாம்.

ஊசிமுனை:
யாரு எழுதினா? அப்படி வெட்டின ஒரு வால் காட்டுங்க. பித்தளைப் பலகை வேணாம், ஜெர்மன் சில்வர்ல, பேலன்ஸ் காக் சைஸுல, லூப் வழியா எடுத்த க்ளோசப். போட்டோ இல்லாம இனி லேசர்னு இந்தத் திரில எழுதாதீங்க.

மாணிக்கக்கல்:
திரியே உங்களோடதுன்னு பேசறீங்க. அட்மின் இதைப் பார்க்கணும். கியோஷேவுக்கு இன்னும் பதில் வரல.

கணக்குப்பிள்ளை:
துண்டு நீங்க அனுப்புங்க, வெட்டி போட்டோ போடறது என் வேலை. அதுவரைக்கும் நான் எழுதினதை எழுதினபடியே விட்டு வைக்கிறேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.

ஊசிமுனை:
அட்ரஸை மெசேஜ்ல போடுங்க, ஒண்ணு இல்ல, மூணு துண்டு வரும்.