'சிட்டி ஆஃப் காட்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 2002-இல் வந்த பிரேசில் படம் 'சிட்டி ஆஃப் காட்'. ரியோ நகரத்து ஃபவேலா (ஏழைகளின் குடிசைப் பகுதி) ஒன்றில் துப்பாக்கியோடு வளரும் பையன்களின் கதை. நடித்தவர்களில் நிறையப் பேர் அதே மாதிரிக் குடியிருப்புப் பிள்ளைகள்தான்.

கத்தி தீட்டும் சத்தம், கயிற்றிலிருந்து நழுவி ஓடும் கோழி, ஒரு பக்கம் கும்பல், மறுபக்கம் போலீஸ், நடுவில் கேமராவோடு, கதையைச் சொல்லும் பையன் புஸ்காப்பே. அந்த முதல் காட்சியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அசையாமல் பார்த்தார். ஆனால் ஆங்கில வரிகளை அவரால் படிக்க முடியவில்லை.

தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? கும்பலில் ஒருவனான பெனேயின் விடைபெறும் விருந்துக் காட்சியாவது அவருக்கு முழுசாகப் புரிய வேண்டும். இல்லையென்றால், போர்த்துகீசியம் தெரிந்த யாராவது மொழிபெயர்த்துத் தர முடியுமா? டைப் செய்வது, நேரம் பொருத்துவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.