உதிரி பாகத்தைப் போனோடு பூட்டுவது: பாதுகாப்பா, பகல் கொள்ளையா?

திருப்புளி:
போன் கம்பெனிகள் உதிரி பாகத்தை அந்தந்தப் போனோடு ஜோடி சேர்த்துவிடுகின்றன; வேறு பாகம் போட்டால் சில வசதிகள் முடங்குகின்றன. ஒரே மாடல் போன் இரண்டு, இரண்டுமே ஒரிஜினல். ஒன்றின் டிஸ்பிளேயைக் கழற்றி மற்றதில் மாட்டினால் ஏன் முழுசாக வேலை செய்யக் கூடாது? 2021-ல் ஐபோன் 13 வந்தபோது டிஸ்பிளேயை மாற்றினாலே முகத்தைப் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி செத்துப்போனது. முகத்தைப் பார்க்கும் கேமராவை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டிஸ்பிளேயில் இருக்கும் ஒரு பொடி சிப் அந்தப் போனோடு ஜோடி சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான். அந்தச் சிப்பைப் பிரித்துப் புது டிஸ்பிளேயில் சால்டர் செய்தால் ஃபேஸ் ஐடி திரும்பிவிடும். ஆனால் மைக்ரோஸ்கோப்பும் சூடான காற்று அடிக்கும் ஹாட் ஏர் கருவியும் வேண்டும். கொஞ்சம் சூடு ஏறினாலும் டிஸ்பிளே காலி. எதிர்ப்பு கிளம்பியதும் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 15.2-ல் ஆப்பிளே இதைத் தளர்த்தியது. பாதுகாப்புக்கு அவசியமான பூட்டு என்றால் ஒரே அப்டேட்டில் எப்படிக் கழன்றது?

பூட்டுக்காரன்:
அந்த டிஸ்பிளே கூத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கைரேகை சென்சார் வேறு சமாச்சாரம். சென்சாரும் பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவி வைத்துத்தான் பேசிக்கொள்கின்றன. எந்த சென்சாரைச் செருகினாலும் நம்பலாம் என்று விட்டால், பதிவு செய்த கைரேகைத் தகவலைத் திரும்ப அனுப்பும் போலி சென்சாரையும் செருகலாம்.

டிஸ்பிளேயும் அப்பாவி இல்லை. 2017-ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெக்சஸ் 6பி போனின் டச் கன்ட்ரோலர் (திரையைத் தொடுவதைக் கவனிக்கும் சிப்) வழியாகப் போனையே கைப்பற்றிக் காட்டினார்கள். மாற்றுத் திரையில் ஒளிந்திருக்கும் சிப் பயனர் தொடும் இடத்தைப் பதிவு செய்யும், தானே தொடவும் செய்யும். பாகத்தைப் போனோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் அந்தப் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதுதான் ஓட்டை.

திருப்புளி:
அப்படியானால் டிரைவரைச் சரி செய்ய வேண்டும், வாங்கியவரின் பாகத்தை முடக்குவது தீர்வாகாது. வருகிற டேட்டாவைச் சரிபார்த்தால் எந்தத் திரை மாட்டினாலும் பாதுகாப்புதான்.

கைரேகை பற்றிச் சொன்னதால் எரர் 53 என்று பேர்போன கோளாறையும் பேசிவிடுவோம். ஐபோன் 6 தலைமுறையில், கைரேகை சென்சார் உள்ள ஹோம் பட்டனை வெளிக் கடையில் மாற்றிய போன்கள் ஐஓஎஸ் அப்டேட் செய்ததும் ஒட்டுமொத்தமாக முடங்கின. பட்டனை நம்பவில்லை என்றால் கைரேகையை மட்டும் நிறுத்தியிருக்கலாமே, போட்டோவையும் போன்புக்கையும் சேர்த்து ஏன் பூட்ட வேண்டும்? 2016-ல் 9.2.1 வெர்ஷனின் திருத்திய பதிப்பில் அதைத்தான் செய்தார்கள்: போன் பிழைத்தது, கைரேகை வசதியான டச் ஐடி மட்டும் போனது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் வாங்கிக் கொடுத்தது. வெளி ஆள் ரிப்பேர் செய்ததைக் காட்டி வாடிக்கையாளரின் உரிமையை மறுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

பூட்டுக்காரன்:
முழுப் போனையும் முடக்கியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருட்டை விட்டுவிட்டீர்கள். உரிமையாளரின் கணக்கு இல்லாமல் போனைத் திறக்க விடாத ஆக்டிவேஷன் லாக் வந்தபின் திருடிய போனை முழுசாக விற்க முடிவதில்லை. அதனால் பிரித்து டிஸ்பிளே, கேமரா, பேட்டரி என்று கூறு போடுகிறார்கள். பாகத்துக்கும் பூட்டு இருந்தால் அந்தச் சந்தை படுத்துவிடும்.

திருப்புளி:
அதற்குத் தேவை ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாகம் பூட்டப்பட்ட போனிலிருந்து வந்ததா? ஆம் என்றால் மறுக்கலாம், இல்லை என்றால் அனுமதிக்கலாம். 2024-ல் ஐஓஎஸ் 18-ல் ஏறக்குறைய இதைத்தான் கொண்டுவந்தார்கள். ஐபோன் 15 முதல் பழைய ஒரிஜினல் பாகத்தை மாட்டிவிட்டு போனிலேயே ரிப்பேரை முடிக்கலாம். லாக் உள்ள போனின் பாகம் என்றால் ஏற்காது. இவ்வளவு எளிதாக முடியும்போது முந்தைய வருடங்களின் பூட்டு யாருக்காக இருந்தது?

பேட்டரியையும் பாருங்கள். அதில் என்ன ரகசியம் இருக்கிறது? வெளி பேட்டரி போட்டால் பேட்டரியின் ஹெல்த் சதவீதத்தை மறைத்து எச்சரிக்கை காட்டினார்கள். அந்த எச்சரிக்கையைத் தவிர்க்கத்தான் பழைய பேட்டரியின் கன்ட்ரோல் போர்டைப் புது செல்லில் மாற்றும் வேலையே பிறந்தது. செல்லையும் போர்டையும் இணைக்கும் இரண்டு உலோகப் பட்டைகளையும் (டேப்) கத்தரியால் சேர்த்து வெட்டினால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நொடியில் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டர் இல்லாமல் சால்டரிங் அயர்னை நேராகச் செல்லில் வைத்தால் உள்ளே சேதமாகும். பாதுகாப்பு என்ற பெயரில் வந்த பூட்டு, ஆபத்தான வேலைக்கு ஆளைத் தள்ளியிருக்கிறது.

நடுவாசல்:
இருவரும் நிறுவனத்தையே பேசுகிறீர்கள். ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருப்பவர் கையில் பாஸ்கோட் போவது பிரச்சினை இல்லையா? போனைக் கொடுக்கும்போதே நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டி வைக்கிறார்களே!

பூட்டுக்காரன்:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பாஸ்கோட் கொடுக்கவே வேண்டாம். சாம்சங்கில் டிவைஸ் கேர் பகுதியில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கும். கூகுளின் பிக்சலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிப்பேர் மோட். பிக்சலில் இதற்கு 2 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும். இயக்கினால் போன் ரீஸ்டார்ட் ஆகி, வெறும் அடிப்படை ஆப்களோடு தனிப் பயனராகத் திறக்கும். டச், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம், படமும் மெசேஜும் கண்ணில் படாது. வெளியேற உங்கள் பாஸ்கோட் வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் மட்டும் கையோடு கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவாசல்:
ஃபேக்டரி ரீசெட் போட்டுக் கொடுத்தால் போதாதா?

திருப்புளி:
பேக்கப் இருந்தால் போதும். ஆனால் ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை மறந்துவிடுவார்கள். அதை முதலில் வேறு போனுக்கு மாற்றாமல் ரீசெட் அடித்தால் உங்கள் கணக்குகளில் நீங்களே நுழைய முடியாது. கூகுள் கணக்கையும் செட்டிங்ஸ் வழியாக நீக்கிவிட்டுத்தான் ரீசெட். போனின் பட்டன்களை அழுத்தித் திறக்கும் ரிகவரி மெனு வழியாகச் செய்தால் பழைய கணக்கைக் கேட்டு நிற்கும்.

இன்னொரு சிக்கல்: டிஸ்பிளே செத்தால் ரிப்பேர் மோடும் போட முடியாது, ரீசெட்டும் முடியாது. படம் தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் போனின் சார்ஜர் துளையில் மாட்டும் ஓடிஜி அடாப்டரில் மவுஸ் செருகிப் பாருங்கள். படமே இல்லை என்றால், டைப்-சி வழியாக வீடியோ அனுப்பும் போன்களில் மட்டும் மானிட்டரோடு இணைத்துப் பார்க்கலாம். விலை குறைந்த பல மாடல்களில் அந்த வசதி கிடையாது. அங்கே பாஸ்கோட் தராமல் டிஸ்பிளேயை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். டச்சும் வெளிச்சமும் லாக் ஸ்கிரீனிலேயே தெரியும், மற்றதை வாங்கும்போது நீங்களே திறந்து காட்டலாம்.

பூட்டுக்காரன்:
இதில் நமக்குள் சண்டை இல்லை. பூட்டு விஷயத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் போட்ட சட்டம் பாகங்களை ஜோடி சேர்த்து முடக்குவதைத் தடுக்கிறது. கைரேகை சென்சாரையும் டிஸ்பிளேயையும் ஒரே தட்டில் வைத்தால் நான் எதிர்ப்பேன்.

திருப்புளி:
சென்சாரை ஜோடி சேர்க்கட்டும், சேர்க்கும் கருவி ரிப்பேர் செய்யும் எங்கள் கைக்கும் வரட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் 7 ஆண்டு உதிரி பாகம் தர வேண்டும். பாகம் கிடைத்து, அதைப் போன் ஏற்க மறுத்தால் அந்த 7 ஆண்டை வைத்து என்ன செய்வது?