ஆறு வருடம் பதிவேடு பராமரித்தோம், கட்டுரையில் எங்களுக்கு 'நன்றி' மட்டும்தானா?

கோப்புக்காரி எழுதியது:

என் மகளுக்கு மிக அரிதான ஒரு வளர்சிதைமாற்ற நோய். பெயர் சொல்லவில்லை, சொன்னால் தேடிப் பார்க்கிற யாருக்கும் பத்து நிமிடத்தில் நாங்கள் யார் என்று தெரிந்துவிடும், அவ்வளவு சின்னக் கூட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இன்னொரு குழந்தையின் அப்பாவும் சேர்ந்து ஒரு எக்செல் கோப்பு தொடங்கினோம், எந்த வயதில் வலிப்பு வந்தது, எப்போது பேச்சு நின்றது, எப்போது விழுங்க முடியாமல் போனது என்று. இப்போது அதில் 31 குடும்பங்கள் இருக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மருத்துவக் குறிப்புகளில் 'வளர்ச்சித் தாமதம்' என்று ஒரே வரிதான் இருக்கும், நடை எப்போது போனது என்று எங்கும் இருக்காது. பெற்றோரைக் கேட்டால் "பிறந்தநாளுக்கு அப்புறம் கொஞ்ச நாளில்" என்பார்கள், எந்தப் பிறந்தநாள் என்று கேட்டால் குழம்பிப்போவார்கள். அதனால் எல்லாரிடமும் பழைய போன் வீடியோக்களைக் கேட்டோம். வீடியோவில் தேதி இருக்கிறது. எதையும் பிடிக்காமல் குழந்தை நடந்த கடைசி வீடியோ ஒன்று, சுவரையோ கையையோ பிடித்துக்கொண்டு நடக்கிற முதல் வீடியோ ஒன்று. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் அந்த நாள் இருக்கிறது. இப்படியே 31 குழந்தைகளுக்கும் செய்தோம். சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை, அது தனிக் கதை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து கேட்டது, எல்லாக் குடும்பங்களிடமும் ஒப்புதல் வாங்கிக் கொடுத்தோம். போன வாரம் கட்டுரையின் வரைவு வந்தது, 'உங்கள் தகவலுக்காக' என்று. 19 ஆசிரியர்கள், அதில் ஒரு துறைத் தலைவர் ஒரு கூட்டத்தில்கூடத் தலைகாட்டியதில்லை. நாங்கள் கடைசியில், நன்றி பகுதியில், 'ஒத்துழைத்த குடும்பங்களுக்கு நன்றி' என்ற ஒரு வரிக்குள் இருக்கிறோம். இரண்டாம் அட்டவணையில் என் மகள் 'நோயாளி 4'.

ஏன் என்று கேட்டேன். கட்டுரையை எழுதாதவர், திருத்தாதவர் பெயரைப் போட சர்வதேச விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. நான் விஞ்ஞானி இல்லை, கணக்கு எழுதுகிறவள். அந்த விதி நிஜமா? அல்லது எனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறார்களா?

---

மீடியன்மணி எழுதியது:

விதி நிஜம், ஆனால் உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. நான் மருத்துவப் புள்ளியியலில் இருக்கிறேன், இந்தச் சண்டையை வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன்.

அவர்கள் சொல்வது ஐ.சி.எம்.ஜே.ஈ. விதி, அதாவது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்தது. 1978-ல் வான்கூவரில் சில இதழ் ஆசிரியர்கள் கூடித் தொடங்கியது. ஒருவரைக் கட்டுரையாசிரியர் என்று போட நான்கு நிபந்தனைகள், நான்கும் வேண்டும். ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவு திரட்டியதிலோ, அலசியதிலோ, விளக்கியதிலோ கணிசமான பங்கு, இது முதலாவது. கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது உள்ளடக்கத்தைக் கூர்ந்து படித்துத் திருத்தியிருக்க வேண்டும், இது இரண்டாவது. இறுதி வடிவத்துக்குச் சம்மதம் மூன்றாவது. பின்னால் கேள்வி வந்தால் பொறுப்பேற்பது நான்காவது, இது 2013-ல் சேர்ந்தது.

உங்களிடம் இரண்டாவதை மட்டும் உருவிக் காட்டியிருக்கிறார்கள். அதே ஆவணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எல்லாருக்கும் படிக்க, திருத்த, சம்மதிக்க வாய்ப்பு கொடுக்க வேண்டும், வாய்ப்பே கொடுக்காமல் வைத்திருந்து அதையே காரணம் காட்டி ஒருவரை வெட்ட இந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தக்கூடாது. வரைவை உங்களுக்குத் தகவலுக்காக அனுப்பிவிட்டு நீங்கள் திருத்தவில்லை என்று சொல்வது, கதவைச் சாத்திவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற மாதிரி.

அப்புறம் அந்தத் துறைத் தலைவர். வெறும் மேற்பார்வை, வெறும் நிதி வாங்கித் தந்தது, இதெல்லாம் தனியாக ஆசிரியர் தகுதி ஆகாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் உங்கள் சண்டையை அவர் மேல் தொடங்காதீர்கள், அந்தக் குழுவில் யாருக்கும் அவரைத் தொடத் தைரியம் இருக்காது, உங்கள் விஷயமும் சேர்ந்து முங்கிவிடும்.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன். தரவு கொடுத்தவர் எல்லாம் ஆசிரியர் என்றால் எங்கே போய் நிற்பது? 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி ஒரு இயற்பியல் கட்டுரை வந்தது, 5,154 பேர் ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம், விஷயம் 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அதில் யார் என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்?

பெயர் என்பது பதக்கம் இல்லை. நாளைக்கு அந்த அட்டவணையில் தப்பு இருக்கிறது என்று யாராவது எழுதினால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தயாரா அம்மா? இல்லை என்றால் நன்றி பகுதியே நல்ல இடம்.

---

மீடியன்மணி எழுதியது:

நேர்ப்பேச்சு, கேள்வி நியாயம்தான், ஆனால் இங்கே பொருந்தவில்லை. அந்த அட்டவணையில் நடை நின்ற வயது என்று ஒரு நெடுவரிசை இருக்குமே, அது எப்படிக் கிடைத்தது என்று இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடுகிற நடுவர் கேட்டால் அந்த 19 பேரில் யார் பதில் சொல்வார்? இவர்தான் சொல்ல முடியும். இரண்டு வீடியோவுக்கு நடுவில் தேதியைச் சிக்கவைப்பது, எங்கள் துறையில் இதற்குப் பெயரே இருக்கிறது, இன்டர்வல் சென்சாரிங். நிகழ்வு எந்த நாளில் நடந்தது என்று தெரியாது, எந்த இரு நாட்களுக்கு நடுவில் என்று மட்டும் தெரியும், அதற்கென்று தனிக் கணக்கு முறை. இந்த அம்மா அதைப் படிக்காமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். இதைத் தரவு கொடுத்தது என்று சொல்லாதீர்கள், அளவிடும் முறையை உருவாக்கியது என்று சொல்லுங்கள். அது ஆய்வைத் திட்டமிட்ட கணக்கில் வரும்.

இந்த மாதிரித் தரவுக்கு அரிய நோயில் என்ன மதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளே சில டஜன் பேர் என்றால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று பிரித்துச் சோதிக்க முடியாது, பிரிக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதனால் மருந்து இல்லாமல் நோய் எப்படிப் போகும் என்ற பதிவேடே ஒப்பீட்டுக் குழுவாகிறது, நேச்சுரல் ஹிஸ்டரி ஆய்வு என்பார்கள். குழந்தைகளின் மூளை நரம்புகளைச் சிதைக்கிற பாட்டன் நோயின் சி.எல்.என்.2 வகைக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த செர்லிபோனேஸ் ஆல்பா என்ற மருந்து அப்படித்தான் வந்தது. மருந்து பெற்றவர்கள் இருபத்துச் சொச்சம் குழந்தைகள், ஒப்பிட்டது மருந்து பெறாத 42 குழந்தைகளின் பழைய பதிவுகளோடு. அங்கேயும் முக்கியமாகப் பார்த்தது நடையைத்தான். அந்த மாதிரி ஒப்பீட்டில் நடை நின்ற தேதி ஆறு மாதம் தள்ளிப் பதிவாகியிருந்தால் வேலை செய்கிற மருந்தும் வேலை செய்யாத மாதிரி தெரியும்.

---

தாமதவாசகன் எழுதியது:

இது ஒன்றும் புதுசு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷாரன் டெர்ரி என்று ஒருவர், கல்லூரியில் சமயப் பணியில் இருந்தவர், அறிவியல் படித்தவர் இல்லை. 1994-ல் அவருடைய இரண்டு குழந்தைகளுக்கும் பி.எக்ஸ்.ஈ. என்ற நோய் என்று தெரிந்தது, தோலிலும் கண்ணிலும் சுண்ணாம்புச் சத்து படிகிற நோய். அடுத்த வருடமே கணவரோடு சேர்ந்து நோயாளிகள் அமைப்பு தொடங்கி, பதிவேடும் ரத்த மாதிரிகளும் திரட்டினார். 2000-ல் அதற்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது அந்தக் கட்டுரை ஒன்றில் அவர் இணை ஆசிரியர், காப்புரிமையிலும் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர். பேசி எழுதி வைத்துக்கொண்டதால்தான் அது நடந்தது.

பேசி வைத்துக்கொள்ளாதவர்கள் கதை கானவன் (Canavan) என்ற, குழந்தைகளின் மூளையைச் சிதைக்கிற பரம்பரை நோயில் நடந்தது. பெற்றோர்கள் இறந்த குழந்தைகளின் திசுக்கள், பணம், பதிவேடு எல்லாம் கொடுத்தார்கள், 1993-ல் மரபணு கிடைத்தது, அப்புறம் பார்த்தால் ஆராய்ச்சி நடந்த மருத்துவமனை காப்புரிமை எடுத்து அந்தப் பரிசோதனைக்கே கட்டணம் வைத்தது. பெற்றோர்கள் வழக்கு போட்டார்கள். 2003-ல் நீதிமன்றம் பெரும்பாலான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது, திசுவைக் கொடுத்த பிறகு அதன் மேல் சொத்துரிமை இல்லை என்றது. கடைசியில் சமரசமாக முடிந்தது.

என்.ஜி.எல்.ஒய்.1 குறைபாடு என்ற அரிய மரபணு நோய் இன்னொரு உதாரணம். 2014-ல் எட்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்த அதே இதழில், இரண்டு அப்பாக்கள் தங்கள் பெயரிலேயே தனியாக ஒரு கருத்துரை எழுதினார்கள், குடும்பங்கள் இணையம் வழியாக ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது நோய் ஆராய்ச்சியை எப்படி மாற்றுகிறது என்று.

---

ஜன்னலோரம் எழுதியது:

நானும் ஒரு அம்மா. எனக்குப் பெயர் போடுகிறோம் என்றே சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், காரணத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

என் பெயர் மேலே இருந்தால் கீழே அட்டவணையில் 'நோயாளி 2, ஆண், 7 வயது, பெற்றோர் உறவுமுறை' என்று இருக்கிற வரி யாருடையது என்று எங்கள் தெருவே கண்டுபிடிக்கும். அவனுடைய மரபணு மாற்றம், மூளை ஸ்கேன், சிறுநீர்க் கட்டுப்பாடு போன வயது, எல்லாம் அந்த வரியில் இருக்கிறது. எனக்குச் சம்மதம் என்று நான் சொல்லலாம். அவன் பெரியவனாகி எனக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னால் என்ன செய்வேன்? அச்சானதைத் திரும்பப் பெற முடியாது. நீங்கள் பெயர் கேட்டு வாங்குவதற்கு முன்னால் அந்த அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள்.

---

மீடியன்மணி எழுதியது:

ஜன்னலோரம் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருக்க வேண்டும். செய்ய முடியும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி போடாமல், வயதுகளைத் தொகுத்து இடைநிலை மதிப்பும் வீச்சும் மட்டும் போடலாம், பாலினத்தைத் தனி வரியில் காட்டாமல் மொத்தமாகச் சொல்லலாம். ஆய்வின் முடிவு ஒரு இழைகூட மாறாது.

நடைமுறைக்கு வருகிறேன். கட்டுரை இதழுக்குப் போகுமுன் பேசிவிடுங்கள். அனுப்பிய பிறகு பெயர் சேர்க்க எல்லா ஆசிரியர்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், ஒருவர் முரண்டு பிடித்தாலும் நின்றுவிடும். இதழிடம் புகார் செய்தாலும் பெரும்பாலும் "நீங்களே உங்கள் நிறுவனத்தில் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றுதான் பதில் வரும், யார் ஆசிரியர் என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. மின்னஞ்சலில் கோபம் வேண்டாம். 'வரைவைப் படித்தேன், இரண்டாம் அட்டவணையிலும் வீடியோ முறை பற்றிய பத்தியிலும் என் திருத்தங்களை இணைத்திருக்கிறேன், ஐ.சி.எம்.ஜே.ஈ.யின் நான்கு நிபந்தனைகளையும் ஏற்கத் தயார்' என்று மூன்று வரி போதும். திருத்தத்தை நிஜமாகவே இணையுங்கள், அதோடு இரண்டாவது நிபந்தனை முடிந்தது.

மற்ற 29 குடும்பங்களையும் ஆசிரியராகக் கேட்காதீர்கள். அமைப்பின் பெயரைக் குழு ஆசிரியராகப் போட்டு, விரும்புகிற குடும்பங்களை மட்டும் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்க்கலாம். நன்றி பகுதியில் பெயர் சொல்வதானாலும் அவரவரிடம் எழுத்தில் அனுமதி கேட்பதுதான் முறை.

---

கோப்புக்காரி எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும், நடுவில் மகளுக்கு நெஞ்சில் சளி.

அனுப்பினேன். 14 திருத்தங்கள். அதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நோயாளி 11, நோயாளி 17 என்று இருவர் இருக்கிறார்கள், இரண்டும் ஒரே குழந்தை. குடும்பம் நடுவில் நாடு மாறியது, இரண்டு மருத்துவமனையிலிருந்தும் பதிவு வந்திருக்கிறது, பிறந்த தேதி ஒன்றில் நாளும் மாதமும் இடம் மாறி விழுந்திருக்கிறது. வீடியோவில் சுவரில் இருந்த அதே பச்சைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்ன அன்றைக்கே முதல் ஆசிரியர் போன் செய்தார், நல்ல பையன், குரல் நடுங்கியது.

என் பெயரும் அந்த அப்பாவின் பெயரும் சேர்கின்றன. அட்டவணையைத் தொகுத்துப் போட ஒப்புக்கொண்டார்கள், ஜன்னலோரம், உங்களுக்கு நன்றி. துறைத் தலைவர் அப்படியே இருக்கிறார்.

இப்போது ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஆர்க்கிட் எண், நிறுவனம், பங்களிப்பு வகை என்று மூன்று கட்டம். எனக்கு நிறுவனமே இல்லையே, என்ன எழுதுவது?

---

மீடியன்மணி எழுதியது:

11-ம் 17-ம் ஒருவரே என்றால் உங்கள் 31 இப்போது 30. அந்தக் கட்டுரையின் எல்லா எண்ணையும் திரும்பக் கணக்கிட வேண்டும், அந்தப் பையன் குரல் நடுங்கியதில் ஆச்சரியம் இல்லை.

ஆர்க்கிட் என்பது கட்டுரை எழுதுகிறவர்களுக்கான அடையாள எண், இலவசம், யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், 16 இலக்க எண் ஒன்று வரும். நிறுவனம் என்ற இடத்தில் உங்கள் நோயாளிகள் அமைப்பின் பெயரை எழுதுங்கள், அது போதும். பங்களிப்பு வகைக்கு கிரெடிட் என்ற பட்டியலில் 14 வகை இருக்கும், நீங்கள் 'தரவுப் பராமரிப்பு', 'முறையியல்', 'திருத்தமும் சரிபார்ப்பும்' மூன்றையும் டிக் செய்யுங்கள். முறையியலை விட்டுவிடாதீர்கள்.